சம்பா சாய்ஞ்சா தலையெழுத்தா, நாம எடுத்த முடிவா?

கடைமடையான்:
அறுக்குற நேரத்துல மழை பெஞ்சு நெல்லு படுத்துருச்சுன்னா "நமக்கு விதிச்சது அவ்வளவுதான்"னு ஊரே சொல்லுது. திருநள்ளாறு போய் எள் தீபம் போடுறாங்க. போடட்டும், அதுல தப்பில்ல. ஆனா அடுத்த வருஷமும் அதே ரகம், அதே தேதி, அதே யூரியா. இதை விதின்னு என்னால ஒத்துக்க முடியல. மழையால மட்டுமா பயிர் சாயுது? வயல் கருகருன்னு நிக்கணும்னு கடைசித் தவணையில கூடுதலா ஒரு மூட்டை எறியுறோம். தண்டு நீண்டு மெலிஞ்சு, அடிக்கணு மெத்துனு ஆயிடுது. ரெண்டு விரலால அடித்தண்டை நசுக்கிப் பாருங்க. சுலபமா நசுங்குச்சுன்னா முதல் காத்துக்கே படுத்துரும். இலையோட பச்சையை ஒப்பிட்டுப் பார்க்குற இலை வண்ண அட்டையில நிறம் 4-க்குக் கீழ போனாத்தான் யூரியா, வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3. அந்த அட்டையை வயல்ல வச்சுப் பார்க்குறவங்க எத்தனை பேரு?

வெண்ணாற்றங்கரை:
தம்பி, யூரியா விஷயம் சரி. தேதிக் கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பாருங்க. சி.ஆர். 1009 சப் 1 நெல் ரகம் விளைய ஏறக்குறைய 155 நாள். ஆகஸ்ட் நடுவுல விதைச்சா ஜனவரி நடுவுல அறுப்பு. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோட ஓஞ்சுரும்னு நம்பித்தான் இந்தக் கணக்கே. 2021-ல பொங்கலை ஒட்டிக் கொட்டித் தீர்த்துச்சு, காலத்தோட விதைச்சவன் மாட்டினான். 2023-ல பிப்ரவரி தொடக்கத்துல பெஞ்சுச்சு, பின்னாடி விதைச்சவன் மாட்டினான். இதுல சரியான முடிவு எடுத்தவன் யாரு? அதே 2023-ல ஜூன் 12 திறந்த மேட்டூர் அணையை அக்டோபர் 10-லயே மூடினாங்க. வழக்கமா ஜனவரி 28 வரைக்கும் வர்ற தண்ணி. காவிரி பொறக்குற குடகுல மழை பொய்ச்சதுக்குத் திருவாரூர்க்காரன் என்ன செய்வான்?

எல்லாம் உன் கையிலதான்னு சொல்லிட்டா நட்டப்பட்டவன் குத்தவாளி ஆயிடுறான். வட்டிக்கு வாங்கிப் போட்ட காசு போய், ராத்திரி முழுக்கக் கண்ணு மூடாமக் கிடக்குறவனுக்கு விதிங்கிற ஒரு பிடி இருந்தாத்தான் மறுநாள் எந்திரிச்சு மம்பட்டியை எடுப்பான். அதைப் பிடுங்காதீங்க.

கீழையூர் அக்கா:
ரெண்டு பேருமே வரப்புக்குள்ளயே நின்னு பேசுறீங்க. எங்க பக்கம் வயல்ல விழுந்த தண்ணி கடலுக்குப் போகணும்னா வாய்க்கா, வடிகால், ஆறுன்னு மூணையும் தாண்டணும். வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை, கரையெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு. கடல் ஏத்தம் இருந்தா முகத்துவாரத்துலயே தண்ணி எதிர்த்து நிக்கும். அவசரத்துக்கு ஒருத்தர் வரப்பை வெட்டி விட்டா கீழ்வயக்காரர் மூழ்குறார்.

சப் 1 ரகம் முழுசா மூழ்கி ரெண்டு வாரம் வரைக்கும் கிடந்தாலும் தேறும். அதுவும் தூர் கட்டுற இளம்பயிரா இருக்கறப்பத்தான். பூக்குற நேரத்துல மூழ்குனா எந்த ரகமா இருந்தாலும் பதர்தான். இதைச் சொல்லாமலே விதையை வித்துடுறாங்க. தண்ணி வடிஞ்சதும் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட், 200 லிட்டர் தண்ணியில கலந்து தெளிக்கச் சொல்றாங்க. நல்ல யோசனைதான், ஆனா வடியாத வயல்ல தெளிச்சு என்ன ஆகப் போகுது? மழைக்கு முன்னாடி தூர்வாராம விட்ட வடிகாலுக்கு ஆண்டவன் பேரை வச்சா, தூர்வார வேண்டியவங்க தப்பிச்சுக்கறாங்க.

கடைமடையான்:
அக்கா சொல்றது நியாயம். ஆனா காப்பீடு நம்ம கையில இருக்கே. சம்பாவுக்கு நாம கட்டுறது காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம்தான். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. வி.ஏ.ஓ. கிட்ட அடங்கல், அதான் எந்த நிலத்துல என்ன பயிர்ங்கிற பதிவு, வாங்கும்போதே சர்வே எண்ணு, உட்பிரிவு, வருவாய்க் கிராமம் மூணையும் நில உரிமைப் பதிவான சிட்டாவோட ஒப்பிட்டுப் பார்க்கணும். உட்பிரிவு ஒன்னு மாறினாலே பணம் நின்னுடும். அப்புறம் அழுதுட்டு விதின்னா எப்படிண்ணே?

வெண்ணாற்றங்கரை:
அந்தக் காப்பீடு எப்படிக் கணக்காகுதுன்னும் சொல்லுங்க தம்பி. கிராமத்துல சில வயலைச் சமவாய்ப்பு முறையில எடுத்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அறுத்து, கிராமச் சராசரி விளைச்சல் போட்டு, அதை வச்சுத்தான் இழப்பீடு குடுக்குறாங்க. மேட்டு வயல் ரெண்டு அதுல சிக்குனா சராசரி ஏறிடும், பள்ளத்துல மொத்தமும் அழுகினவனுக்கு ஒன்னும் வராமலே போகலாம். பணம் கட்டினது அவன் முடிவு. எந்த வயல் சிக்கும்ங்கிறதுக்கு நீங்க என்ன பேரு வைப்பீங்க?

கடைமடையான்:
அதிர்ஷ்டம்னே வச்சுக்கறேன். அப்படின்னா எல்லாத்தையும் ஒரே தேதியில பந்தயம் கட்டக் கூடாது. பாதியில 155 நாள் ரகம், பாதியில ஏ.டி.டி. 46 மாதிரி 135 நாள் ரகம். ஒரே சமயத்துல விதைச்சா அறுப்பு மூணு வாரம் தள்ளி வரும். 2021 மழையும் 2023 மழையும் ரெண்டையும் சேர்த்து அழிக்காது.

கீழையூர் அக்கா:
காகிதத்துல சரி தம்பி. நடு வயல் முன்னாடி விளைஞ்சா அறுப்பு மிஷின் எப்படி உள்ள போகும்? சுத்தி அடுத்தவங்க பயிரு நிக்குமே. ஈரமா இருந்தா செயின் வண்டிதான் இறங்கும், அதுக்கு வாடகையும் கூட. பிரிக்கறதா இருந்தா தனித்தனி வயலாப் பிரிக்காதீங்க, பாதை ஓரத்துலேர்ந்து வரிசையாக் குறுகின நாள் ரகம், உள்பக்கம் நீண்ட நாள் ரகம். அதுக்குப் பக்கத்து வயக்காரங்க அத்தனை பேரும் ஒத்துவரணும்.

வெண்ணாற்றங்கரை:
இதை ஒத்துக்கறேம்மா. ஆடி மாசம் விதைநெல்லு வாங்கறதுக்கு முன்னாடியே உக்காந்து பேசிட வேண்டியதுதான். ஆனா விதைக்கற நாளைப் பஞ்சாங்கத்துல மேல்நோக்கு நாள் பார்த்துத்தான் வைப்பேன், அதுல மாத்தம் இல்ல.

கடைமடையான்:
ஆகஸ்ட் 20-க்குள்ள வர்ற மேல்நோக்கு நாளாப் பாருங்கண்ணே. அதுக்கு மேல பத்து நாள் தள்ளிப் போட்டாலே நீண்ட நாள் ரகம் பிப்ரவரிக்குப் போயிடும்.