ஒரே இடத்தில் மறுபடியும் புண், ஹெர்ப்பிஸா?

குலசேகரம் வெட்டுக்காரன்:
ரப்பர் பால்வெட்டு எனக்கு வேலை. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் இடுப்புக்குக் கீழே எப்போதும் வேர்வைதான். தொடையிடுக்குப் படர்தாமரை பழகிப்போன விஷயம். இது வேறு. ஆணுறுப்பின் நுனியில் சிவந்து தடித்து, நீர் கோத்து, உடைந்து புண்ணாகிவிட்டது. ஒரே எரிச்சல். போன மழைக்கும் இதே இடத்தில்தான் வந்தது. மெடிக்கல் ஷாப்காரர் கொடுத்த களிம்புக்குக் கேட்கவில்லை. மாமா ஒருவர், "அக்கியாக இருக்கும், குயவரிடம் போய் எழுது" என்கிறார். எங்கே எழுத? நெட்டில் பார்த்தால் ஹெர்ப்பிஸ் என்ற பால்வினை நோய் என்கிறார்கள். வீட்டுக்காரியைத் தவிர யாரிடமும் போனவன் இல்லை. அவளிடம் சொல்லவும் பயம்.

மார்த்தாண்டம் பையன்:
அண்ணே, அதே இடத்தில் திரும்ப வந்தால் ஹெர்ப்பிஸேதான். அசைக்ளோவிர் 400 வாங்கிப் போடுங்கள்.

தக்கலை சிஸ்டர்:
மக்கா, கொஞ்சம் பொறு.

வெட்டுக்காரத் தம்பி, புண் வருவதற்கு முன்னால் ஏதாவது மாத்திரை போட்டீர்களா? பால்வினை நோய்ப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது, ஹெர்ப்பிஸ் என்று பயந்து வந்த சிலருக்குக் கடைசியில் மாத்திரை ஒவ்வாமையாக இருந்தது. அதுவும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் வரும். வட்டமாக, கருஞ்சிவப்பாக ஒரு திட்டு. சிலருக்கு அதன்மேல் கொப்புளம். ஆறின பிறகும் கறுப்பு அடையாளம் போகாது. ஹெர்ப்பிஸ் என்றால் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வரும். வருவதற்கு முன்பே அந்த இடம் குறுகுறுக்கும். முதல் தடவை காய்ச்சலடித்து அரையில் நெறியும் கட்டலாம்.

அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகப் போகும். படர்தாமரை விளிம்பில் பரவி அரிக்கும். வலியே இல்லாமல், அடி கெட்டியாக ஒற்றைப் புண் வந்தால் சிபிலிஸ் என்ற இன்னொரு பால்வினை நோயைச் சந்தேகப்பட வேண்டும். வலிக்கவில்லையே என்று அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

குலசேகரம் வெட்டுக்காரன்:
முதுகுவலிக்குக் கடையில் ஒரு மாத்திரை தருவார்கள். அதைப் போட்ட மறுநாள்தான் எரிய ஆரம்பித்தது. போன தடவையும் அதே மாத்திரைதான் சிஸ்டர்! கறுப்பு அடையாளமும் இருக்கிறது. அப்போ ஹெர்ப்பிஸ் இல்லைதானே?

தக்கலை சிஸ்டர்:
பார்க்காமல் எப்படிச் சொல்ல? பார்த்தாலும் கண்ணை மட்டும் நம்பமாட்டேன். அந்த மாத்திரையை இனித் தொடாதீர்கள். களிம்பையும் நிறுத்துங்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் எந்த நோயும் உருமாறித் தெரியும். நாளைக்கே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் தோல் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை அட்டையும் களிம்பு டியூபும் கையில் இருக்கட்டும். புண் காய்வதற்குள் போனால்தான் அதிலிருந்து ஒற்றியெடுத்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க முடியும். நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை இலவசம், சிபிலிஸுக்கும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

ஒருவேளை ஹெர்ப்பிஸ் என்றே வந்தாலும் வீட்டுக்காரியைச் சந்தேகப்படாதீர்கள். அந்த வைரஸ் உடம்பில் வருஷக்கணக்காகச் சும்மா கிடந்துவிட்டும் தலைகாட்டும். கல்யாணத்துக்கு முந்தியதாகக்கூட இருக்கலாம். முடிவு தெரியும்வரை ஒதுங்கிப் படுங்கள். கேட்டால், புண் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறேன் என்று சொன்னால் போதும்.