ஓகஸ்டில 13 பேர், மலைநாட்டில 2 இரவு: நுவரெலியா சரிவருமோ?

ஒட்டுசுட்டான் செயலாளர்

எங்கட மாதர் சங்க நிர்வாகத்தில 13 பேர். வருசா வருசம் பொதுநோக்கு மண்டபத்தில வைக்கிற திட்டமிடல் கூட்டத்தை இந்தமுறை மலைநாட்டில வைச்சு, கொஞ்சம் இளைப்பாறியும் வருவம் எண்டு தீர்மானம். நுவரெலியாவில ஒரு ரிசோட்டின்ர படம் பாத்து எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. ஓகஸ்ட் லீவுக்கை, வெள்ளி விடிய வெளிக்கிட்டு ஞாயிறு இரவு திரும்புறது திட்டம். ஊர் ஹையேஸ் வான்தான் பிடிக்கிறம்.

ரெண்டு பேருக்குச் செயற்கைக் கால், அதில ஒராளுக்கு முழங்காலுக்கு மேல. ஒரு அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் நோ. சைவம் அஞ்சு பேர். முற்பணம் இன்னும் கட்டேல்லை. கட்ட முதல் என்ன கேக்க வேணும்? கூட்டத்தை எந்த நேரத்தில வைக்கிறது?

மாங்குளம் சந்தி

முதல்ல மாதத்தைப் பாருங்கோ, பிறகு இடம். எங்கட பக்கம் சோளகம் புழுதி கிளப்பிற காலத்திலதான் அதே தென்மேல் காத்து மலைநாட்டின்ர மேற்குச் சரிவில முட்டி மழையைக் கொட்டும். ஓகஸ்டில நுவரெலியா பெரும்பாலும் தூறலும் புகாரும் (மூடுபனி)தான். படத்தில இருக்கிற காட்சி ஜனவரி, பெப்ரவரிக் காட்சி. மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கினா, பண்டாரவளை, தியத்தலாவை, ஹப்புத்தளை அந்த மாதத்தில காய்ஞ்சிருக்கும். காத்து மட்டும் பலமா அடிக்கும், ஹப்புத்தளையில காதை மூடித்தான் நடக்கோணும். உங்கட ஆக்களுக்குப் பண்டாரவளை நல்லம். உயரம் 1,200 மீற்றர் சொச்சம், நுவரெலியா 1,868. குளிர் தாங்கக்கூடிய குளிர். விடுதிகளில வேலை செய்யிறவை கனபேர் மலையகத் தமிழர், தமிழிலேயே எல்லாம் கேட்டுக்கொள்ளலாம்.

திகதியிலயும் கவனம். ஓகஸ்ட் 15 மடுத் திருநாள், சங்கத்தில வேதக்காரர் இருந்தா அந்தக் கிழமையை விடுங்கோ. கண்டிப் பெரஹராவும் ஜூலை, ஓகஸ்டிலதான் வரும். அந்த நாட்களில கண்டிக்குள்ளால போறது வீண் அலைச்சல்.

வெள்ளி போய் ஞாயிறு வாறது எனக்குச் சரியாப் படேல்லை. போக ஒரு நாள், வர ஒரு நாள் எண்டா கையில மிஞ்சிறது சனி மட்டும்தான். அதுக்குள்ள கூட்டமும் இளைப்பாறலும் எண்டா ரெண்டும் நடக்காது. வியாழன் வெளிக்கிடுங்கோ. ஒரு இரவுக்கு மேலதிகமாக் குடுக்கிற காசுக்குத்தான் முழுப் பயணமும் பெறுமதி.

ஏ9 ஓட்டம்

பண்டாரவளை எண்டா கண்டியைத் தொடவே தேவையில்லை. ஏ9 இல மரதன்கடவல மட்டும் போய் இடக்கைப் பக்கம் ஹபரணைக்குத் திரும்பி, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, தெஹியத்தகண்டி, மஹியங்கனை, பதுளை. மஹியங்கனை மட்டும் சமதரை. வாந்தி வாற ஆக்களுக்கு இந்தப் பாதைதான் சுகம், வளைவு கடைசி ரெண்டு மூண்டு மணித்தியாலம் மட்டும்தான். மாத்திரை போடுறதெண்டா மஹியங்கனையில ஏற வெளிக்கிடேக்க இல்லை, அதுக்கு ஒரு மணித்தியாலம் முதல். வயிறு முட்டச் சோறு சாப்பிட்டிட்டு ஏறக்கூடாது. விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டா, நிண்டு நிண்டு போனாலும் பின்னேரத்துக்குள்ள சேரலாம். திரும்பேக்க ஹபரணை, மின்னேரியப் பக்கத்தைப் பொழுதுபட முதல் தாண்ட வேணும், யானை றோட்டில நிக்கும். அதால காலமை 7 மணிக்குப் பிறகு பண்டாரவளையில நிக்காதேங்கோ.

சாரதி மலை ஓடினவரோ எண்டு நேர கேளுங்கோ. ஏ9 இல மட்டும் ஓடின பழக்கத்தில இறக்கத்திலயும் பிரேக்கை மிதிச்சபடியே வருவினம். பிரேக் சூடேறி, ஒயில் கொதிச்சு, மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ளுக்கை போகும். எந்தக் கியரில ஏறினதோ அதே கியரில இறங்க வேணும். ஓட்டோ கியர் வானெண்டா டி யில விடாமல் 2 இல அல்லது எல் இல போட வேணும். கருகின மணம் வந்தா உடன நிப்பாட்டி அரை மணித்தியாலம் ஆற விடோணும். தண்ணி ஊத்தக்கூடாது. சாரதிக்குப் படுக்க இடமும் சாப்பாடும் விடுதி குடுக்குமோ எண்டும் கேளுங்கோ. வானுக்குள்ள படுத்து எழும்பின ஆளோட மலை இறங்காதேங்கோ.

முதிரை

ரெண்டு பேரும் சொன்னதோட, கால் விசயம். மலை ரிசோட் எண்டாலே சரிவில கட்டினது. றோட்டு மட்டத்தில வரவேற்பறை, அதுக்குக் கீழ கீழ அறைகள். படத்தில படி தெரியாது. அதால "வசதியா இருக்குமோ" எண்டு கேக்காதேங்கோ, "ஓம் மிஸ், பிரச்சினையில்லை" எண்டுதான் பதில் வரும். எண்ணிக்கை கேளுங்கோ: வான் நிக்கிற இடத்திலயிருந்து அறைக் கதவுக்கு எத்தனை படி, சாப்பாட்டறைக்கு எத்தனை, கைபிடி ஒரு பக்கமோ ரெண்டு பக்கமோ. பிறகு வட்சப்பில ஒரு வீடியோ: வாசலில தொடங்கி நடந்தபடியே குளியலறை மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. அனுப்ப மாட்டன் எண்டா அந்த இடம் வேண்டாம்.

முழங்காலுக்கு மேல கால் இல்லாத ஆளுக்கு ஏறுறதை விட இறங்கிறதுதான் கஷ்டம். பாசி பிடிச்ச சீமெந்துப் படியில ஊன்றுகோல் றப்பர் தேய்ஞ்சிருந்தா வழுக்கும், புது றப்பர் மாட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ. நாள் முழுக்க இருந்து போனா மிஞ்சின கால் வீங்கி, அதை உள்ளுக்கை விடுற சொக்கெட் இறுக்கும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டுங்கோ. ஓடுற வானுக்குள்ள காலைக் கழட்டி வைக்கிறதெண்டா மிஞ்சின காலுக்கு இறுக்கமான சொக்ஸ் போட்டிருக்கோணும், இல்லாட்டி இன்னும் வீங்கித் திரும்ப மாட்டக் கஷ்டம். அதுக்கு முன் சீற்றை ஒதுக்குங்கோ. சொக்கெட்டுக்குள்ள போடுற ஸ்டம்ப் சொக்ஸ் ஒரு நாளைக்கு ரெண்டு சோடி கணக்கு. அங்க தோய்ச்சா ஒரு நாளில காயாது, ஈரத்தோட போட்டா தோல் உரியும்.

அடுத்தது சுடுதண்ணி. அறைக்கு 30 லீற்றர் கீசர் எண்டு வைப்பம். 60 பாகையில இருக்கிறதோட பச்சைத் தண்ணி கலந்தா, குளிக்கிற சூட்டில 55 லீற்றர் போல வரும். ஆளுக்கு 20 லீற்றர் எண்டா மூண்டாவது ஆள் சவர்க்கார நுரையோட நிப்பா. திரும்பச் சூடாக முக்கால் மணித்தியாலம் வேணும். மூண்டு பேர் படுக்கிற அறையில ரெண்டு பேர் பின்னேரம், ஒராள் காலமை எண்டு பிரியுங்கோ. இன்னொண்டு, குளிருது எண்டு கரிச்சட்டியை அறைக்குள்ள வைச்சுக் கதவைச் சாத்திப்போட்டுப் படுக்கக் கூடாது. புகை மணக்காமலே ஆளை முடிச்சுப்போடும்.

மாங்குளம் சந்தி

விலை கேக்கேக்க "எல்லாம் சேத்து எவ்வளவு" எண்டு எழுத்தில வாங்குங்கோ. அறை 20,000 எண்டு சொல்லிப்போட்டு, 10 வீதம் சேவைக் கட்டணம், அதுக்கு மேல 18 வீதம் வற் எண்டு போட்டா 25,960. 5 அறை, 3 இரவு எண்டா வித்தியாசம் 90,000க்குக் கிட்ட.

கூட்டத்தைக் காலமை வைக்காதேங்கோ. எல்லாரும் விடுற பிழை அதுதான். மலையில வானம் தெளிவா இருக்கிறது விடியத்தான், 10 மணிக்குப் பிறகு புகார் மூடத் தொடங்கும். ஹப்புத்தளைக்குக் கிட்ட லிப்டன் சீற் எண்ட காட்சி முனையைப் பாக்கிறதெண்டா விடியவே போங்கோ. மேல மட்டும் ஆட்டோ போகும், கால் ஏலாத ஆக்களும் வரலாம். கூட்டம் பின்னேரம் 2 இலிருந்து 5 மட்டும், கண்ணாடி போட்ட அறையில. விறாந்தையில வைச்சா காத்து கணக்குக் கொப்பியை விரிக்க விடாது.

ஒட்டுசுட்டான் செயலாளர்

நுவரெலியா ரிசோட்டுக்கு எடுத்துக் கேட்டன். அறைக்கு 74 படி, கைபிடி "கொஞ்சத் தூரத்துக்கு இருக்கு" எண்டினம். அதை விட்டாச்சு. பண்டாரவளையில ஒரு பங்களா பாத்திருக்கிறம், றோட்டு மட்டம், 3 படி, குக் இருக்கிறார், சாமான் நாங்கள் வாங்கிக் குடுக்க வேணும். வியாழனே வெளிக்கிடுறம். சாமான் எவ்வளவு?

முதிரை

அரிசி ஒரு நேரத்துக்கு ஆளுக்கு 150 கிராம், சாரதியோட 14 பேருக்கு 2 கிலோ 100. பருப்பு, கடலை எல்லாம் முதல்நாள் ஊறப் போடச் சொல்லுங்கோ. அந்த உயரத்தில தண்ணி 96 பாகையிலேயே கொதிச்சிடும், ஊரில அவியிற நேரத்தில அங்க அவியாது. பிறஷர் குக்கர் இருக்கோ எண்டு கேளுங்கோ. மரக்கறி அங்கயே சந்தையில மலிவு, இஞ்சயிருந்து கொண்டு போகாதேங்கோ. மீன், கருவாடு சமைக்கிற சட்டி வேற, சைவச் சட்டி வேற எண்டதைக் குக்கிட்ட முதல்நாளே சொல்லுங்கோ.

ஊரிலயிருந்து ஒரு பிளாஸ்ரிக் ஸ்ரூல் கட்டாயம். செயற்கைக் காலைக் கழட்டிப்போட்டு இருந்து குளிக்க அங்க ஒண்டும் இராது. வெளிக்கிட முதல்நாள் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கோ. 2025 நவம்பர் டிட்வா புயலுக்குப் பிறகு சில சரிவுகள் இன்னும் இளகித்தான் இருக்கு. மஞ்சள் எண்டா விழிப்பா இருக்கோணும். அந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்குச் செம்மஞ்சளோ சிவப்போ போட்டிருந்தா திகதியை மாத்துங்கோ. சந்தேகமெண்டா அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117க்கு எடுங்கோ. முற்பணம் கட்டேக்கயே, அப்பிடி மாத்தினா காசு அடுத்த திகதிக்குச் செல்லும் எண்டு பங்களாக்காரரிட்ட எழுதி வாங்குங்கோ.