பக்கத்து வீட்டுக்காரர் கோழிகளை எடுக்கச் சொல்கிறார், என்ன செய்யலாம்?

திருப்பாலைக்காரி, மதுரை

வணக்கம். திருப்பாலை பக்கம் மூன்றரை சென்ட் மனையில் எங்கள் வீடு. பின்னால் துவைக்கிற கல்லுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஆறு பெட்டை, ஒரு சேவல் வளர்க்கிறேன். எல்லாம் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி வகை. என் மாமியார் உசிலம்பட்டியிலிருந்து குஞ்சாகக் கொண்டுவந்தவை. அவருக்கு இப்போது நடமாட்டம் குறைந்துவிட்டது. காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பு இறைப்பார். எது முட்டைக்கு இடம் தேடுகிறது, எது அடைக்குக் கிடக்கிறது என்று எனக்குச் சொல்வார். அவருடைய பொழுதே அதில்தான் போகிறது. அதனால் 'எல்லாவற்றையும் விற்றுவிடு' என்கிற பதில் மட்டும் வேண்டாம்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மூன்று குறை. சேவல் நாலு மணிக்கு முன்பே கூவ ஆரம்பிக்கிறது. அவர் மகன் வீட்டிலிருந்தே அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் படுப்பான். மழை பெய்தால் நாற்றம் அடிக்கிறது. அப்புறம் இரண்டு கோழிகள் சுவர் ஏறிப் போய் அவர்கள் தொட்டியைக் கிளறிவிடுகின்றன. போன வாரம் வெந்தயக்கீரை போட்டிருந்த தொட்டியைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்தார். இரண்டு இலை விட்டிருந்த கீரை அத்தனையும் வேர் மேலே தெரியக் கிடந்தது. மாநகராட்சியில் மனு கொடுக்கப் போகிறேன் என்றார். நல்ல மனிதர். கொரோனா நேரத்தில் எங்களுக்கு மருந்து வாங்கிவந்து கொடுத்தவர். அவரோடு மனக்கசப்பும் வேண்டாம், கோழியும் இருக்க வேண்டும். வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பஞ்சாரம், மணப்பாறை

அம்மா, மூன்றில் சேவல்தான் பெரிய விஷயம். மற்ற இரண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்று நினைக்கிறோம். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் சேவல்களை விடாமல் மங்கலான வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்து 2013இல் எழுதினார்கள். விடியலே தெரியாத இடத்திலும் அவை ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை அந்த நேரத்துக்குக் கூவின. கடிகாரம் அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அதனால் சாக்கைப் போட்டு மூடினால் கூவாது என்று யாராவது சொன்னால் முழுசாக நம்பாதீர்கள். தெருவிளக்கு, பைக் வெளிச்சம், அடுத்த தெருச் சேவலின் சத்தம் இதெல்லாம் தூண்டுவது குறையும், அவ்வளவுதான்.

சத்தத்தை அடக்க ஒரு வழி உண்டு. கூவும்போது சேவல் நிமிர்ந்து கழுத்தை நீட்டும். நின்றால் தலை தட்டாமல், கழுத்தை நீட்டினால் தட்டுகிற உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி அடித்து, இரவில் மட்டும் அதில் அடையுங்கள். கம்பிவலைத் திறப்பு உங்கள் வீட்டுப் பக்கம் பார்த்து இருக்கட்டும். அவர்கள் பக்கத்துப் பலகையில் வெளியே பழைய மெத்தையைச் சாத்தி வையுங்கள். ஆனால் சித்திரை, வைகாசி வெக்கையில் காற்றுப் போகாமல் அடைத்தால் வாயைப் பிளந்து இளைக்கும், செத்தும் போகும். அந்த மாதங்களில் பெட்டி வேண்டாம். கூவாமல் இருக்கக் கழுத்துப்பட்டை என்று ஒன்று விற்கிறார்கள். அதைத் தொடவே தொடாதீர்கள். கொஞ்சம் இறுக்கிப் போட்டாலும் மூச்சு முட்டும்.

என் மனசில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். முட்டைக்குச் சேவலே வேண்டாம், குஞ்சுக்குத்தான் வேண்டும். அந்தப் பையன் தூங்குகிற நேரம் அது ஒன்றுதான் என்றால், சேவலை உசிலம்பட்டிக்கே அனுப்புவதுதான் நியாயம். அடை வைக்க ஆசைப்பட்டால் சேவல் சேர்ந்த முட்டையை அங்கிருந்து கொண்டுவாருங்கள். இட்டு ஒரு வாரத்துக்குள் இருந்தால் நன்றாகப் பொரியும்.

உமிமூட்டை, நாமக்கல்

அக்கா, நாற்றத்துக்குக் காரணம் ஈரம். காய்ந்த எச்சம் அவ்வளவாக வாடை அடிக்காது, நனைந்தால்தான் அமோனியா கிளம்பும். முதலில் கூண்டுக்கு மேலே தகரத்தை இரண்டடி நீட்டிப் போட்டு, சாரல் உள்ளே அடிக்காமல் பாருங்கள். தரையில் நாலு விரல்கடை கனத்துக்கு உமியோ கடலைத்தொலியோ பரப்பி, இரண்டு நாளைக்கு ஒரு தடவை கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரியாக இருக்கிறது. கொழுக்கட்டை மாதிரி பிடித்து நின்றால் ஈரம் ஏறிவிட்டது, புது உமி கலக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றித்தான் எப்போதும் சொதசொதவென்று கிடக்கும். கிண்ணத்தை எடுத்துவிட்டு, கோழி கொத்தினால் மட்டும் தண்ணீர் சொட்டுகிற நிப்பிள் மாட்டினால் பாதி வாடை போய்விடும்.

இரவில் கோழிகள் ஏறி உட்காரும் கழிக்குக் கீழே ஒரு பழைய ஃபிளெக்ஸ் விரியுங்கள். எச்சத்தில் பெரும்பகுதி அங்கேதான் விழும். வாரம் இரண்டு தடவை வாரிவிட்டால் ஈயும் பெருகாது. நம் வெயிலுக்கு ஈ முட்டை ஈயாக மாற ஒரு வாரம், பத்து நாள்தான். சாயங்காலம் மிச்ச இரையை அள்ளி மூடி போட்ட டின்னில் வையுங்கள். கம்பு சிதறிக் கிடந்தால் எலி வரும், எலியைத் தேடிச் சாரை வரும். அதற்கப்புறம் யார் வந்து சமாதானம் சொன்னாலும் எடுபடாது.

சுவர் தாண்டுவதற்கு ஒரு பக்க இறக்கையில் மட்டும் நுனியில் இருக்கிற பத்து நீள இறகுகளைப் பாதிக்குக் கத்தரியுங்கள். பறக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து கீழே வந்துவிடும். நகம் வெட்டுவது போலத்தான், வலிக்காது. ஆனால் தண்டு கருநீலமாகத் தெரிகிற இளம் இறகை வெட்டக் கூடாது, அதில் ரத்தம் ஓடும். இறகு உதிர்ந்து புதுசு முளைத்ததும் மறுபடி கத்தரிக்க வேண்டும்.

கோர்ட்டுப்படி, தஞ்சாவூர்

மனுவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் அளவு. பக்கத்தில் வைத்து அளந்தால் சேவல் 100ஐத் தாண்டும். பொதுத்தொல்லை என்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 270ஆம் பிரிவு. அக்கம்பக்கத்தாருக்குப் பொதுவாகத் தொல்லை இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஒரு வீட்டுக்காரர் தனியாகச் சொல்வதும் நாலு வீட்டார் கையெழுத்துப் போடுவதும் ஒன்றல்ல. எதிர்வீட்டிலும் பின்வீட்டிலும் நீங்களே போய், தொந்தரவு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

பிரான்ஸில் ஒலெரோன் தீவில் மொரிஸ் என்ற சேவல் மேல் வழக்குப் போட்டார்கள். 2019இல் சேவல் பக்கமே தீர்ப்பு வந்தது. கிராமத்துச் சத்தங்களையும் வாசனைகளையும் பாரம்பரியமாகக் காக்க 2021இல் அங்கே சட்டமும் வந்தது. அதை இங்கே யாரும் உதாரணம் காட்ட வேண்டாம். நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் இல்லை, உங்களுடையது சுவரோடு சுவர் ஒட்டிய மனைப்பிரிவு.

இன்னொன்று. இப்போதே முட்டையைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். வாயை அடைக்கக் கொடுப்பதாக அவருக்குப் படும். முதலில் சேவலுக்கும் நாற்றத்துக்கும் வழி செய்யுங்கள், கிளறின தொட்டிக்குக் கீரை விதை வாங்கிக் கொடுங்கள், பிறகு ஒரு நாள் கூப்பிட்டுக் கூண்டைக் காட்டுங்கள்.

திருப்பாலைக்காரி, மதுரை

எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் பேசினேன். சேவல் போவதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் 'ராத்திரி முழிச்சு வேலை பாக்குற பிள்ளைக்குத் தூக்கம் வேணும்ல' என்று அவரே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்து எடுத்துப் போகிறார். உமிக்கும் சொல்லியாயிற்று.

இரண்டு சந்தேகம். ஒரு பெட்டை நேற்றுத்தான் அடையில் உட்கார்ந்தது, தகரம் போட அதை இடம் மாற்றலாமா? அப்புறம் அண்ணன் பறவைக் காய்ச்சல் பற்றிக் கேட்டார். நம்மிடம் ஊசி போட்டதற்குச் சீட்டு இருக்கிறது, அதைக் காட்டலாமா?

பஞ்சாரம், மணப்பாறை

இருட்டினதும் கூடையோடு, முட்டையோடு, மேலே துணியைப் போர்த்தி மெதுவாகத் தூக்கி வையுங்கள். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். மறுநாள் முழுக்கப் பஞ்சாரத்தால் மூடி, பக்கத்திலேயே தண்ணீரும் இரையும் வையுங்கள். 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும்வரை அப்புறம் இடம் மாற்ற வேண்டாம்.

உமிமூட்டை, நாமக்கல்

சீட்டைக் காட்டுங்கள், ஆனால் அது வெள்ளைக் கழிச்சலுக்குப் போட்டது என்று சொல்லியே காட்டுங்கள். பறவைக் காய்ச்சல் வேறு நோய், இந்த ஊசி அதற்கு ஆகாது. காகமோ கொக்கோ வந்து இரையில் வாய் வைக்காதபடி மேலே வலை கட்டியிருக்கிறோம், திடீரென்று கோழிகள் செத்தால் கால்நடை மருத்துவமனைக்கு உடனே தெரிவிப்போம் என்று அவரிடம் சொல்லுங்கள். வலை இன்னும் கட்டவில்லை என்றால் கட்டிவிட்டுச் சொல்லுங்கள். கழிச்சல் ஊசி முகாம் பிப்ரவரியில் வரும், இலவசம்தான்.