கடற்காற்றில் அணையும் ஃபிரிட்ஜ் சுடர்: வழி சொல்லுங்கள்

சீசன் முடிந்தபின் கடற்கரையோரம் மோட்டார்ஹோமில் (வீடு போன்ற வசதியுள்ள வண்டியில்) சுற்றுகிறவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்கிறேன். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜின் சுடர் ராத்திரிக் காற்றில் அடிக்கடி அணைகிறது. சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், அதனால் குளிர் காரணமில்லை. பியூட்டேன்தான் 0 டிகிரியை ஒட்டி ஆவியாகாமல் மக்கர் பண்ணும். வண்டி மட்டமாக நிற்கிறது. பர்னரிலும் ஜெட்டிலும் (கேஸ் வரும் சிறு துளையிலும்) துரு, கரி எதுவும் இல்லை.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வண்டியின் வெளிச்சுவரில் உள்ள கீழ் வென்ட் (காற்றுத் திறப்பு) வழியாகக் காற்று நேராக அடிப்பதுதான் காரணம். அந்தப் பக்கத்தை மறைவாகத் திருப்பி நிறுத்தினால் அணையாமல் எரிகிறது. ஆனால் கரையில் காற்று நடுராத்திரியில் திசை மாறிவிடுகிறதே! வென்ட்டை முழுக்க அடைக்கவே கூடாது. சுடருக்குக் காற்று வேண்டும், புகையும் வெளியேற வேண்டும். பர்னரைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? பேட்டரியில் ஓட்டுவது சரிவராது: 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கிறது, குளிர்கால வெயிலில் சோலார் ஈடுகொடுக்காது.