ஹாஸ்டல்ல படிக்கிற பொண்ணுக்கு இப்போ பல் கிளிப் போடலாமா?

அஸ்தம்பட்டி அம்மா:
வணக்கம்ங்க. பொண்ணுக்கு 13 வயசு. ஏற்காட்டுல ஹாஸ்டல்ல தங்கி எட்டாவது படிக்குறா. மேல முன்பல்லு ரெண்டும் எத்திக்கிட்டு இருக்கு, உதடு மூட மாட்டேங்குது. கிளிப் போடலாம், ஒன்றரை ரெண்டு வருஷம் ஆகும், மாசம் ஒரு தடவை வரணும்னு டாக்டர் சொல்றார். வீட்டுக்காரர் பத்தாவது முடியட்டும்ங்கறார். போட்டவங்க சொல்லுங்க.

செவ்வாய்ப்பேட்டை செல்வி:
வேண்டாம்ங்க. என் பையனுக்குப் போட்டோம். கழட்டின அன்னைக்கு வரிசை அழகாத்தான் இருந்துச்சு. ஆனா பிராக்கெட் (கம்பியைப் பிடிக்க பல்லு மேல ஒட்டுற குட்டிக் கட்டை) ஒட்டியிருந்த சதுரம் மட்டும் பளிச்சுனு, அதைச் சுத்தி ஈறு ஓரமா சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைத் திட்டு. கடைவாய்ப் பல்லு ரெண்டுல சொத்தை. ஈறு வீங்கிப் போயிருந்துச்சு. மாசாமாசம் போனோம். கம்பியை டைட் பண்ணாங்க, ரப்பர் மாத்துனாங்க, காசு வாங்குனாங்க. "எப்படித் தேய்க்குற, தேய்ச்சுக் காட்டு"ன்னு ஒரு நாள்கூட கேக்கல. நல்லா இருந்த பல்லைக் காசு குடுத்துக் கெடுத்துட்டோம்.

மாங்கனி நகரத்தான்:
அக்கா, உங்க வருத்தம் புரியுது. ஆனா கிளிப் மேல பழி போடாதீங்க. நான் ஒன்பதாவதுல போட்டு 22 மாசம் வச்சிருந்தேன், ஒரு சொத்தை இல்ல. ஆரம்பத்துல தட்டுவடை செட் தின்னு ரெண்டு பிராக்கெட் பேந்துச்சு. அதோட தட்டுவடை, முறுக்கு, கரும்பு எல்லாம் நிறுத்திட்டேன். மாம்பழத்தைக்கூட கடிக்காம துண்டு போட்டுத்தான் சாப்பிட்டேன். ராத்திரி பத்து நிமிஷம், கம்பிக்கு அடியில குட்டி பிரஷ் விட்டு எடுப்பேன். அவ்வளவுதான் வேலை. இன்னொண்ணு, அந்த வெள்ளைத் திட்டு நம்ம பக்கத்து போர் தண்ணி ஃப்ளோரைடாவும் இருக்கலாம். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மூணுலயும் அந்தப் பிரச்சினை உண்டே.

செவ்வாய்ப்பேட்டை செல்வி:
தம்பி, நாங்க குடிக்கிறது காவிரித் தண்ணி. கிளிப் போடறதுக்கு முன்னாடி அவன் பல்லுல ஒரு திட்டு கிடையாது. பத்து நிமிஷம் தேய்க்குற பிள்ளைங்க எத்தனை பேரு? அதுவும் ஹாஸ்டல்ல காலையில ஒரு குழாய்க்கு பத்துப் பேர் நிப்பாங்க. ஏற்காட்டுக் குளிர்ல எந்தப் பிள்ளை நின்னு தேய்க்கும்?

ஐந்து ரோடு பல் டாக்டர்:
செல்விம்மா சொல்ற அடையாளம் தெளிவா இருக்கு. ஃப்ளோரைடு திட்டுன்னா ரெண்டு பக்கப் பல்லுலயும் ஒரே மாதிரி, குறுக்குக் கோடு கோடா, பல் முளைக்கும்போதே இருக்கும். பிராக்கெட் இருந்த இடம் சுத்தமா, சுத்தி மட்டும் வெள்ளைன்னா அது கிளிப் காலத்துல அழுக்கு தேங்கி வந்தது. கம்பி ஓரத்துல தேங்குற மாவும் சர்க்கரையும் கிருமிக்குத் தீனி. அது விடுற அமிலத்துல வாயோட பிஹெச் (அமிலம் ஏற ஏற இறங்குற அளவு) 5.5-க்குக் கீழ இறங்குனா, எனாமல்ங்கற பல்லோட வெளி ஓட்டுல இருந்து சுண்ணாம்புச் சத்து கரைய ஆரம்பிக்கும். சரியாத் தேய்க்காத வாயில நாலே வாரத்துல திட்டு கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது மாசாமாசம் வாயைத் திறந்து பார்க்குற டாக்டர். அவர் சொல்லலைன்னா அது அவர் தப்புதான். பதினாலு வயசுப் பையன் மேல அதைத் தள்ளக் கூடாது.

ஆனா பத்தாவது வரைக்கும் தள்ளிப்போடுறதையும் நான் ஒத்துக்க மாட்டேன். எத்துன பல்லு விளையாட்டுல, விழுந்தா அடிபட்டு உடையற வாய்ப்பு அதிகம். தாடை வளர்ச்சியைத் திருத்தணும்னா இந்த வயசை விட்டா அந்த வழி போயிரும். கிளிப் போட்டா பல்லோட வேர் நுனி கொஞ்சம் கரையறது பல பேருக்கு நடக்கும், பெரும்பாலும் ரொம்பக் கொஞ்சமாத்தான். அதைப் பார்க்க, கிளிப் போட்டிருக்குற காலத்துக்கு நடுவுல ஒரு எக்ஸ்ரே கேளுங்க.

அஸ்தம்பட்டி அம்மா:
தண்ணியில ஃப்ளோரைடு கெடுதல்ங்கறாங்க, பேஸ்ட்ல இருக்கறது நல்லதுங்கறாங்க. எதை நம்புறது?

ஐந்து ரோடு பல் டாக்டர்:
ரெண்டும் உண்மைங்க. முன்பல்லு ஈறுக்குள்ள உருவாகுற சின்ன வயசுல அளவுக்கு மிஞ்சி வயித்துக்குள்ள போனாத்தான் திட்டு விழும். 13 வயசுல முன்பல் எனாமல் உருவாகி முடிஞ்சு வருஷக் கணக்காச்சு. இப்போ பேஸ்ட்ல இருக்கறது மேல பட்டு, கரைஞ்ச இடத்தை இறுக்கும். தேய்ச்சுத் துப்பட்டும், முழுங்க வேண்டாம்.

மாங்கனி நகரத்தான்:
கம்பிக்குப் பதிலா கழட்டி மாட்டுற பிளாஸ்டிக் உறை, அதான் அலைனர், போட்டா இந்தத் தேங்குற பிரச்சினையே வராதே?

ஐந்து ரோடு பல் டாக்டர்:
ஒரு நாளைக்கு 22 மணி நேரம் மாட்டணும் தம்பி. ஹாஸ்டல்ல சாப்பாட்டுத் தட்டோரம் கழட்டி வச்சு மறந்துருவாங்க. இந்தப் பொண்ணுக்கு நான் சொல்ல மாட்டேன். அதுக்குப் பதிலா ஒண்ணு செய்யுங்கம்மா. பல்லுல அழுக்கு இருக்குற இடத்தைச் சிவப்பாக் காட்டுற மாத்திரை இருக்கு. அடுத்த ரெண்டு லீவுக்கும் வரும்போது தேய்க்கச் சொல்லி, அதை வாயில மெல்லுறதுக்குக் குடுங்க. சிவப்பு குறைஞ்சா கிளிப் போடுங்க. குறையலைன்னா ஈறை கிளீன் பண்ணி, தேய்க்கப் பழக்கிட்டு அப்புறம் போடுங்க.

செவ்வாய்ப்பேட்டை செல்வி:
நான் இப்பவும் வேண்டாம்னுதான் சொல்வேன். போட்டே ஆகணும்னா, ஒட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பல்லையும் போன்ல கிட்ட வச்சு போட்டோ எடுத்து வைங்க. என்கிட்ட அது இல்ல. "முதல்லயே இருந்ததுதான்"னு கிளிப் போட்ட டாக்டர் சொன்னப்போ வாயடைச்சு நின்னேன்.

அஸ்தம்பட்டி அம்மா:
எடுத்துட்டேன்ங்க, ராத்திரியே எடுத்துட்டேன். வார்டன்கிட்டயும் பேசினேன். ராத்திரி சாப்பாடு முடிஞ்சு படிப்பு மணி அடிக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் குழாய்கிட்ட விடறேன்னு சொல்லியிருக்காங்க.