டிஜியாத்ரா: 24 மணி நேரத்துல அழியுதா, இல்லையா?

ஓடுபாதை07: நேத்து இங்க ஒருத்தர், "டிஜியாத்ராவுல முகத்தைக் காட்டினா அது காலத்துக்கும் அரசாங்கத்துகிட்ட இருக்கும்"னு எழுதியிருந்தார். அடையாள அட்டைக்குப் பதிலா முகத்தைக் காட்டி விமான நிலையத்துக்குள்ள போற செயலியைத்தான் சொல்றார். படிச்சதும் எரிச்சல்தான் வந்துச்சு. படமும் ஆதார் விவரமும் உங்க போன்லதான் இருக்கு. போர்டிங் பாஸை செயலியில ஏத்தி நீங்களே பகிர்ந்தாத்தான் அந்த விமான நிலையத்துக்குப் போகும். விமானம் கிளம்பி 24 மணி நேரத்துல அழிஞ்சிடும். தெரிஞ்சுகிட்டு எழுதுங்க.

அடையாறு அரசு: அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லக் கூச்சமா? நீங்க சொல்ற 24 மணி நேரம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தோட கொள்கை ஆவணத்துல இருக்கு. பாதுகாப்புத் தேவைன்னா அழிக்கிற காலத்தை மாத்திக்கலாம், பாதுகாப்பு அமைப்புகளுக்குத் தகவலைத் தரலாம்னும் அதே ஆவணத்துலதான் இருக்கு. பாதியை மட்டும் படிச்சா எப்படி?

ஓடுபாதை07: அது விதிவிலக்கு. விதி 24 மணி நேரம்.

அடையாறு அரசு: அழிஞ்சதை வெளியாள் யார் போய்ப் பார்த்தாங்க? நடத்துறது டிஜியாத்ரா பவுண்டேஷன், 2019-ல தொடங்கின கம்பெனி. அதுல அரசோட விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதப் பங்கு. மிச்சம் 74-ம் டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி நிலையங்களை நடத்துற கம்பெனிகள் கையில. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்கப் போனா அந்தச் சட்டத்துக்குள்ள வரமாட்டோம்ங்கிறாங்க.

நங்கநல்லூர் வாசி: பாதுகாப்புன்னா கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேணும். எவனாவது குண்டோட ஏறினா அப்பவும் உரிமை பேசுவீங்களா?

அடையாறு அரசு: குண்டைத் தேடுறது டிஜியாத்ரா இல்லீங்க. ஆளும் டிக்கெட்டும் ஒண்ணான்னு மட்டும்தான் அது பார்க்குது. பையை எக்ஸ்ரேயில விடுறது, மெட்டல் டிடெக்டர், கையால தடவிப் பார்க்கிறது எல்லாம் சி.ஐ.எஸ்.எப்.ங்கிற மத்தியப் பாதுகாப்புப் படையோட வேலை. முகம் காட்டினவருக்கும் அது உண்டு, காட்டாதவருக்கும் உண்டு. முகத்தைக் கொடுத்து நீங்க வாங்குறது வரிசையில அஞ்சு நிமிஷம்.

கறுப்புப் பெட்டி: நம்ம ஊர்க்காரங்களுக்கு அந்த அஞ்சு நிமிஷமும் நிச்சயமில்லை. ஆதார்ல வெறும் இனிஷியல், டிக்கெட்ல அதை விரிச்சு அப்பா பேர்னு இருந்தா, பேர் பொருந்தலைன்னு மாட்டிக்கும். டிக்கெட் எடுக்கும்போதே ஆதார்ல உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுங்க.

நங்கநல்லூர் வாசி: இனிஷியல் வச்சுக்கிறதே தப்புங்கிற மாதிரி பேசாதீங்க.

கறுப்புப் பெட்டி: அப்படி எங்க சொன்னேன்? நம்ம பேர் வைக்கிற முறை செயலிக்குப் புரியலைன்னுதான் சொன்னேன்.

ஓடுபாதை07: இனிஷியல் பஞ்சாயத்தை வேற இடத்துல வச்சுக்கோங்க. டிஜியாத்ரா வேண்டாம்னா அடையாள அட்டையைக் காட்டிட்டுப் போகலாம். யாரும் கட்டாயப்படுத்தலை.

அடையாறு அரசு: சுங்கச்சாவடியில பணம் கட்ட வண்டியில ஒட்டுற பாஸ்டேக்கும் விருப்பம்னுதான் வந்துச்சு. 2021 பிப்ரவரியில கட்டாயமாச்சு, இல்லாதவங்களுக்கு அப்போ ரெண்டு மடங்கு கட்டணம் போட்டாங்க. அன்னைக்கும் இங்க "யாரும் கட்டாயப்படுத்தலை"னு எழுதினது நீங்கதான், நான் மறக்கலை. 2017 ஆகஸ்ட் 24 அன்னைக்கு புட்டசாமி வழக்குல உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க. அதுல கை வைக்கணும்னா முதல்ல சட்டம் இருக்கணும், அப்புறம் நியாயமான தேவை, அந்தத் தேவைக்கு மிஞ்சாத அளவு. டிஜியாத்ராவுக்குன்னு தனிச் சட்டம் எங்க இருக்கு? இருக்கிறது ஒரு கொள்கை ஆவணம்.

ஓடுபாதை07: பழைய கதையைக் கிளறாதீங்க. 24 மணி நேரத்துல அழியுது, அவ்வளவுதான்.

அடையாறு அரசு: மாத்திக்கலாம்னு எழுதியிருக்கு. அழிஞ்சதை யார் பார்த்தாங்கன்னு கேட்டேன், அதுக்கு இன்னும் பதில் வரலை.

ஓடுபாதை07: 24 மணி நேரம். ஆவணத்தை மறுபடி படிங்க.