நடும் முன் ரோஜாவை எங்கே வைத்தீர்கள்? என் வாளிக் கதை இது

மண்ணே இல்லாமல், இலையில்லாமல், வெறும் வேரோடு உறக்கத்தில் வருமே, அந்தப் பேர் ரூட் ரோஜாவில் ஐந்து வாங்கினேன். பெட்டி வந்த அன்று தோட்டம் உறைந்து கல்லாகக் கிடந்தது, கடப்பாரைகூட இறங்கவில்லை. வேர் காயக் கூடாது என்பது மட்டும் மண்டையில் இருந்ததால், ஐந்தையும் தண்ணீர் வாளியில் நிறுத்தி ஷெட்டில் வைத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் வாளியைத் தூக்கினால் அழுகல் வாடை. ஒரு வேரைப் பிடித்து இழுத்தேன், தோல் அப்படியே உருவிக்கொண்டு கையோடு வந்தது. வேருக்கும் மூச்சு வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை. நடுவதற்கு முன் சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு ராத்திரி ஊறினால் போதுமாம். மூன்று செடி போய்விட்டது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

*

உங்களுக்கு வாளி, எனக்கு ஃப்ரிட்ஜ்! 1 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர் இந்தச் செடிக்கு ஏற்றது என்பதால், வேரை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டு, கீழ்த்தட்டில் படுக்க வைத்தேன். அதுவரை சரி. பக்கத்திலேயே ஒரு பை ஆப்பிள் இருந்ததைத்தான் யோசிக்கவில்லை. ஆப்பிள் எத்திலீன் வாயு விடும், அது உறங்குகிற மொட்டைக் கெடுக்கும். இரண்டு வாரம் கழித்து நட்டபோது தண்டு பச்சையாகத்தான் இருந்தது. மொட்டுகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன, ஒரு துளிர்கூட வரவில்லை. ஆப்பிள்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மறு வருஷம் பழமில்லாத ஃப்ரிட்ஜில் வைத்தேன், எல்லாமே பிழைத்தன.

*

நான் பெட்டியைப் பிரிக்காமலே சமையலறை மூலையில் வைத்த ஆள். பத்தே நாளில் முளைவிட்ட உருளைக்கிழங்கு மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தளிர்கள். நட்டதும் வெயிலில் கருகின. கீழ்மொட்டு வரை வெட்டிவிட்டேன், அப்புறம் அங்கிருந்து பச்சையாகவே கிளம்பியது.

*

வாளித் தம்பி, நிலம் உறைந்திருந்தால் தண்ணீருக்குப் பதில் அதே வாளியில் ஈர மணலைப் போட்டிருக்கலாம். பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. அடியில் ஓட்டையும் வேண்டும். வேரை அதில் புதைத்து, ஹீட்டர் இல்லாத, ஆனால் உறையாத அறையில் வைத்தால் சில வாரம் தாங்கும்.

நான் உறைபனிக்கு முன்பே ஒரு பள்ளம் வெட்டி வைத்துவிடுவேன். செடியைச் சாய்த்துப் படுக்க வைத்து, வேரும், அதற்கு மேலே ரோஜாவை ஒட்டுக் கட்டிய இடமும் மறைய மண் தள்ளி, தண்ணீர் விட்டு மிதித்துவிடுவேன். ஒரு தடவை சோம்பல்பட்டுக் கட்டை அவிழ்க்காமலே பத்துச் செடியையும் மொத்தமாகப் புதைத்தேன். ஓரத்தில் இருந்தவை நன்றாக இருந்தன. நடுவில் இருந்த நான்குக்கும் மண்ணே போய்ச் சேரவில்லை, வேர் சருகாகிக் கிடந்தது. அதனால் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்து வையுங்கள். தண்டு சுருங்கி வந்தால் முழுச் செடியையும் ஈர மண்ணில் சில நாள் மூடி வைப்பேன், பாதிக்குமேல் தேறிவிடும்.

*

நன்றி அண்ணா. மிச்சமிருந்த இரண்டின் தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஒன்று பழுப்பு. இன்னொன்றில் பச்சை தெரிகிறது, அழுகிய வேரை வெட்டிவிட்டு இப்போதுதான் மணலில் வைத்தேன்.